டிபெண்ட் ஆன்ல யாரு மேல யாரு இருக்கா?

அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா. அவளோட இங்கிலீஷ் கிராமர் கைடைப் புரட்டிப் பார்த்ததுலேருந்து எனக்கு மனசே ஆறல. இங்க கொட்டித் தீர்த்தாத்தான் தூக்கம் வரும்.

ஒரு பக்கத்துல கட்டம் போட்டு அச்சடிச்சிருக்காங்க. இன் என்றால் உள்ளே. ஆன் என்றால் மேலே. அட் என்றால் இல். டு என்றால் கு. ஃப்ரம் என்றால் இருந்து.

அடுத்த பக்கத்துல "பொருத்தமான ப்ரிபொசிஷனால் கோடிட்ட இடங்களை நிரப்புக".

அவ்வளவுதான், பாடம் முடிஞ்சுது!

பிள்ளை அந்தக் கட்டத்தை நம்பி பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. கொஞ்ச நேரம் முழிச்சுட்டு என்னைக் கேட்டா.

"சித்தி, ஆன்னா மேலதானே?"

"ஆமா."

"அப்ப 'ஐ டிபெண்ட் ஆன் யூ'ல யாரு மேல யாரு இருக்கா?"

எப்பேர்ப்பட்ட கேள்வி பாருங்க! இந்தக் கேள்விக்குள்ளதான் மொத்தப் பாடமும் இருக்கு. அதை விட்டுட்டு கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னா, பிள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எழுதும். சரியா வந்தா அதிர்ஷ்டம், தப்பா வந்தா சிவப்பு மை. அவ்வளவு ஆசையாக் கேக்கற குழந்தைக்கு இது அநியாயம்.

சரி, அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்றேன்.

டிபெண்ட் லத்தீன்லேருந்து வந்த வார்த்தை. அங்க அதுக்கு அர்த்தம் தொங்கறது. (கழுத்துல போடற பென்டன்ட் இருக்கே, அதுவும் இதே வேர்தான்.) ஒண்ணைப் பிடிச்சுத் தொங்கறவன் தன்னோட எடை மொத்தத்தையும் அதுக்குத்தானே குடுக்கறான்? நம்ம வீட்டுல கஷ்டம் வந்தா பெரியவங்க என்ன சொல்றாங்க? "கடவுள் மேல பாரத்தைப் போடு." அந்த 'மேல'தான் இந்த 'ஆன்'.

சொன்னதும் அவ முகம் மலர்ந்துடுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கூட்டத்தையே வரிசையாத் தேடினோம். 'ரிலை ஆன்', 'கவுன்ட் ஆன்', 'பேங்க் ஆன்', 'லீன் ஆன்'. எல்லாத்துலயும் யாரோ யார் மேலயோ பாரத்தைப் போடறாங்க. "பெட் ஆன்?"னு கேட்டா. அதுவும்தான். ரேஸ்ல குதிரை மேல பணம் கட்டறாங்கன்னு நாமளே சொல்றோமே!

இன்னொண்ணு இதைவிட அழகு. 'இன்சிஸ்ட் ஆன்'. லத்தீன்ல அதோட வேருக்கு அர்த்தம் ஒண்ணு மேல நிக்கறது. பிடிவாதம் பிடிக்கிறவனை நாம என்ன சொல்றோம்? "ஒத்தக்கால்ல நிக்கறான்." "சொன்னதுலயே நிக்கறான்." ரெண்டு மொழிக்காரனும் பிடிவாதத்தை நிக்க வெச்சுத்தான் பார்த்திருக்கான். இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்ல.

ஆனா ஒரு எச்சரிக்கை. இதை வெச்சுக்கிட்டு எல்லா 'மேல'யும் ஆன்தான்னு கிளம்பிடக் கூடாது. 'ஹி இஸ் ஆங்ரி ஆன் மீ'ன்னு கேக்காத ஆபீஸே நம்ம ஊர்ல கிடையாது. தமிழ்ல கோபம் ஒருத்தர் மேலதான் வருது, சரிதான். இங்கிலீஷ்ல அது 'வித்' போட்டு வரும், இல்லாட்டி 'அட்' போட்டு வரும். (ஆங்ரி வினைச்சொல் கிடையாதுதான். ஆனா துணை தேடற விஷயத்துல அதுவும் வினைச்சொல் மாதிரியேதான் நடந்துக்கும்.)

நான் இத்தனை வருஷமாப் புலம்பறது இதைத்தான்: ப்ரிபொசிஷனுக்குத் தனியா அர்த்தம் சொல்லிக் குடுக்கறது பாதிப் பாடம்கூடக் கிடையாது. எந்த வினைச்சொல் எதைக் கூட்டிக்கிட்டு வருதோ, அதோட சேர்த்தே அதைப் படிக்கணும். வெயிட்னு ஒரு வார்த்தை, ஃபார்னு ஒரு வார்த்தைன்னு ரெண்டாப் படிச்சா ரெண்டுமே உதவாது. 'வெயிட் ஃபார்' ஒரே சரக்கு. 'லிசன் டு' ஒரே சரக்கு.

சரி, கூட்டாளி மாறினா என்ன ஆகும்? அங்கதான் சுவாரஸ்யம்.

தெருவுல ஒரு நாய் நிக்குதுன்னு வெச்சுக்குங்க. கையில பிஸ்கட் இருக்கு. நாய்க்குப் போடறீங்க. இங்கிலீஷ்ல 'த்ரோ எ பிஸ்கட் டு த டாக்'. இப்ப கையில கல். நாய் மேல எறியறீங்க. (எறியாதீங்க!) 'த்ரோ எ ஸ்டோன் அட் த டாக்'. வினை அதே த்ரோதான். டு வந்தா அந்தப் பக்கம் வாங்கிக்கிறவர் இருக்காரு. அட் வந்தா அந்தப் பக்கம் குறி இருக்கு. நாயோட தலையெழுத்தே அந்த ஒத்தை வார்த்தையில மாறிடுது.

கத்தறதும் அப்படித்தான். எதிர் பிளாட்பாரத்துல நிக்கற ஃப்ரெண்டு காதுல விழட்டும்னு கத்தினா 'ஷவுட் டு'. மேனேஜர் கோபத்துல நம்மளைப் பார்த்துக் கத்தினா 'ஷவுட் அட்'. தமிழ்ல முதலாவதுக்கு "சத்தமாக் கூப்பிட்டேன்", ரெண்டாவதுக்கு "எரிஞ்சு விழுந்தார்"னு வினையையே மாத்திடுவோம். இங்கிலீஷ்காரன் வினையை அப்படியே விட்டுட்டு வாலை மட்டும் மாத்தறான்.

அட் எங்க வந்தாலும் ஒரு குறி இருக்கான்னு தேடிப் பாருங்க. 'எய்ம் அட்', 'லுக் அட்', 'ஸ்டேர் அட்', 'பாயின்ட் அட்', 'லாஃப் அட்'. கெட்ட எண்ணம் இருக்கணும்னு அவசியம் இல்ல, 'ஸ்மைல் அட்'கூட இருக்கு. பார்வையோ, விரலோ, சிரிப்போ ஒரு புள்ளியை நோக்கிப் போகுது. அதான் சங்கதி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி ஒண்ணு இருக்கு.

'ஹி ஷாட் த டைகர்.'
'ஹி ஷாட் அட் த டைகர்.'

முதல் வாக்கியத்துல குண்டு புலி மேல பட்டுடுச்சு. ரெண்டாவதுல சுட்டது மட்டும்தான் நிச்சயம். பட்டுதா, புலி தப்பிச்சுதான்னு தெரியாது. கைடுல இருக்கற "அட் என்றால் இல்" வெச்சுக்கிட்டு இதை விளக்குங்க பார்ப்போம்! ஆனா தமிழ்ல யோசிச்சா உடனே பிடிபடும். "புலியைச் சுட்டான்." "புலியைப் பார்த்துச் சுட்டான்." ஒரே ஒரு 'பார்த்து' சேர்ந்ததும் குண்டு பட்ட நிச்சயம் போயிடுது. 'க்ராப் த ரோப்'னா கயிறு கையில சிக்கிடுச்சு. 'க்ராப் அட் த ரோப்'னா பிடிக்கப் பாஞ்சான், அவ்வளவுதான்.

இதனாலதான் "தமிழ்ல யோசிக்காதே, இங்கிலீஷ்ல யோசி"ன்னு சொல்ற ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டர்களோட எனக்கு ஒத்துப்போறதே இல்ல. நல்லாத் தமிழ்ல யோசிக்கிற பிள்ளைக்கு இந்த நுணுக்கம் சீக்கிரம் பிடிபடும். நம்ம கிட்ட இல்லாத சரக்கா இது?

"அவன்கிட்ட கேட்டேன்"னா கேள்வி, இல்லாட்டி உதவி. "அவனைக் கேட்டதா சொல்லு"ன்னா நலம் விசாரிப்பு. கிட்டவும் ஐயும் மாறினதும் சேதி எப்படி மாறுது பாருங்க. "அவளோட சண்டை போட்டேன்", "அவளுக்காகச் சண்டை போட்டேன்". முதலாவதுல அவ எதிரி, ரெண்டாவதுல என் ஆளு. நாலு வயசுக் குழந்தைகூட இதை மாத்திச் சொல்லாது. யாரும் அதுக்குக் கட்டம் போட்டுச் சொல்லிக் குடுக்கல.

தொல்காப்பியர் எட்டு வேற்றுமை சொன்னதோட நிறுத்தல. ஒரு வேற்றுமை வரவேண்டிய இடத்துல இன்னொண்ணு வந்து நிக்கறதைப் பத்திப் பேசறதுக்கே சொல்லதிகாரத்துல வேற்றுமை மயங்கியல்னு தனியா ஒரு இயல் வெச்சிருக்கார். அவ்வளவு பழைய காலத்துலயே இதுல இருக்கற நெளிவுசுளிவு அவருக்குத் தெரிஞ்சிருக்கு!

இங்கிலீஷுக்கும் ஒரு காலத்துல வேற்றுமை உருபு இருந்துதுன்னு சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டேங்கறாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பேசின பழைய இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்லுக்கு நாலு வேற்றுமை. நம்ம மாதிரியே சொல்லோட வால்ல ஒட்டிக்கிட்டு இருந்துது. அப்புறம் வைகிங்குகள் வந்து குடியேறி ரெண்டு மொழிக்காரங்களும் கலந்து பேசினாங்க. 1066-ல நார்மன்கள் வந்து நாட்டைப் பிடிச்சு, மேல்தட்டு மொத்தமும் ஃப்ரெஞ்சு பேச ஆரம்பிச்சுது. சொல்லோட கடைசி அசை ஏற்கெனவே தேய ஆரம்பிச்சிருந்துது. கொஞ்சம் கொஞ்சமா உருபெல்லாம் உதிர்ந்து போச்சு. ஹி, ஹிம், ஹிஸ் மாதிரிச் சில இடத்துல மட்டும் பழைய வேற்றுமை மிச்சம் இருக்கு. மத்த வேலையெல்லாம் ப்ரிபொசிஷன் தலையில விழுந்துது. இங்கிலீஷ் ப்ரிபொசிஷனுக்கு இவ்வளவு வேலை எதுக்குன்னு கேட்டா இதுதான் காரணம். உதிர்ந்த உருபுகளோட வேலையையும் சேர்த்து அதுங்க பார்க்குது.

அந்தக் கலவரத்துல ஒரு வேடிக்கை நடந்துது. பழைய இங்கிலீஷ்ல 'வித்'துக்கு அர்த்தம் எதிர்ல, எதிர்த்துன்னு. கூட, உடன்னு சொல்ல 'மிட்'னு வேற ஒரு சொல் இருந்துது. நாளடைவுல வித் வந்து மிட்டோட வேலையையும் பிடுங்கிக்கிச்சு. மிட் செத்துப்போச்சு. அது இன்னும் உயிரோட ஒளிஞ்சிருக்கற இடம் மிட்வைஃப்ங்கற வார்த்தை. பிரசவ நேரத்துல அந்தப் பொண்ணு கூட இருக்கறவங்க. பழைய வித் 'வித்ஸ்டாண்ட்'ல இருக்கு, எதிர்த்து நிக்கறது. 'ஃபைட் வித்'லயும் அந்தப் பழைய வாசனை அடிக்குது. 'ஹி ஃபாட் வித் த ஃப்ரெஞ்ச்'னு வெறுமனே எழுதினா, ஃப்ரெஞ்சுக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டானா, அவன் கூடச் சேர்ந்து போட்டானா? முன்ன பின்ன படிச்சாத்தான் தெரியும்.

(நம்ம மூணாம் வேற்றுமையும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆலும் ஓடுவும் ஒரே வீட்டுல குடியிருக்கு. 'கட் வித் எ நைஃப்'னா கத்தியால, 'வாக் வித் எ ஃப்ரெண்ட்'னா நண்பனோட. கருவிக்கும் துணைக்கும் ஒரே வித். நம்ம இலக்கணமும் கருவியையும் உடனிகழ்ச்சியையும் ஒரே வேற்றுமையிலதான் வெச்சுது.)

இப்ப நம்மாளுங்க நிஜமாவே தடுக்கி விழற இடத்துக்கு வர்றேன். இதை எந்த கைடுலயும் நான் பார்த்ததில்ல.

"நான் நாற்காலியில உட்கார்ந்தேன்." இதுல 'இல்' இருக்கு.
"நான் உட்கார்ந்த நாற்காலி." இல் எங்க?

காணோம்! பெயரெச்சமா மாத்தினதும் தமிழ்ல உருபு கரைஞ்சு போயிடுது. "கத்தியால பழம் வெட்டினேன்", "பழம் வெட்டின கத்தி". ஆல் போச்சு. "அந்த ஸ்கூல்ல படிச்சேன்", "நான் படிச்ச ஸ்கூல்". இல் போச்சு. கேக்கறவங்களுக்குத் தானாப் புரிஞ்சுடும்ங்கற தைரியம்.

இங்கிலீஷ்ல அந்தச் சலுகை கிடையாது. பெயர்ச்சொல் இடம் மாறிப் போனாலும் ப்ரிபொசிஷன் வினையோட வாலைப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே நிக்கும். 'த சேர் ஐ சாட் ஆன்'. 'த ஸ்கூல் ஐ ஸ்டடிட் இன்'. 'த நைஃப் ஐ கட் த ஃப்ரூட் வித்'. நம்ம பிள்ளைங்க 'த சேர் ஐ சாட்'னு நிறுத்திடறாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் வராததாலன்னு நினைக்காதீங்க, தமிழ் நல்லா வர்றதால அப்படி ஆகுது. இதை ஒரு தடவை எடுத்துச் சொன்னாப் போதும், சட்டுனு பிடிச்சுக்கறாங்க. என் அக்கா பொண்ணு ரெண்டே உதாரணத்துல பிடிச்சுட்டா.

வாக்கியத்தை ப்ரிபொசிஷன்ல முடிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் சொல்வாங்களே, அதை இன்னைக்கும் பிடிச்சுத் தொங்கறவங்க இருக்காங்க. கவிஞர் ஜான் டிரைடன் 1672-ல பென் ஜான்சன் எழுத்துல இப்படி வாலாட்டிக்கிட்டு நிக்கற ப்ரிபொசிஷனைக் குறை சொன்னார். அதோட நிக்காம, தான் முன்னாடி எழுதின கட்டுரையையே எடுத்து அங்கங்க திருத்தினார். லத்தீன்ல அப்படி முடிக்க முடியாது. அந்த லத்தீனை முன்மாதிரியா வெச்சு இங்கிலீஷை நிமிர்த்தப் பார்த்த காலம் அது. ஆனா பேசற ஜனம் கேக்கல. 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?', 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?'னுதான் அன்னைக்கும் கேட்டாங்க, இன்னைக்கும் கேக்கறாங்க. என் கட்சியும் ஜனத்தோட கட்சிதான். அது வினையோட சொத்து, வினை பக்கத்துல இருக்கறதுல என்ன தப்பு?

அடுத்தது, வால் வேண்டாதவங்களுக்கு வால் ஒட்ட வைக்கறது.

'டிஸ்கஸ் அபவுட்.' ஐயோ, இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரங்குது. மீட்டிங் போடறவங்கள்லேருந்து டிவியில விவாதம் நடத்தறவங்க வரைக்கும் சொல்றாங்க. 'டாக் அபவுட்' சரி. டிஸ்கஸ்ங்கற வார்த்தை அந்த அபவுட்டை ஏற்கெனவே விழுங்கிடுச்சு. இந்த மாதிரி விழுங்கின வார்த்தை நிறைய இருக்கு. 'ஆஸ்க் ஃபார்' சரி, அதையே ரிக்வஸ்ட்னு சொன்னா ஃபார் வேண்டாம். 'வெயிட் ஃபார்' சரி, அவெய்ட்னு எழுதினா வேண்டாம். 'கெட் டு த ஸ்டேஷன்' சரி, 'ரீச் த ஸ்டேஷன்'ல டு வராது. 'கோ இன்டு த ரூம்' சரி, 'என்டர் த ரூம்' போதும். (ஒப்பந்தம் போட்டா மட்டும் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்'. அது சட்டக்காரங்க வாசல்.) சின்ன வினைன்னா வாலோட வரும், பெரிய வினைன்னா விழுங்கிட்டு வரும்னு சும்மா ஒரு கணக்கு வெச்சுக்கலாம். சட்டமா எடுத்துக்காதீங்க, ஞாபகத்துக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

ஏன் இந்தத் தப்பு இவ்வளவு பரவியிருக்குன்னு யோசிச்சுப் பார்த்தேன். ரெண்டு காரணம் தோணுது.

ஒண்ணு, பெயர்ச்சொல். 'எ டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்' முழுக்கச் சரி. 'எ ரிக்வஸ்ட் ஃபார் லீவ்' சரி. 'எம்ஃபசிஸ் ஆன்' சரி, 'லேக் ஆஃப்' சரி. பெயரா இருக்கும்போது வால் உண்டு, வினையா ஆனதும் வால் கிடையாது. லீவ் லெட்டர்ல 'ரிக்வஸ்ட் ஃபார் லீவ்'னு மேல சப்ஜெக்ட் எழுதிட்டு, அந்தக் கையோட கீழ 'ஐ ரிக்வஸ்ட் ஃபார் லீவ்'னு எழுதிடறாங்க. மேல இருக்கறது பெயர், கீழ இருக்கறது வினை. கீழ ஃபாரை எடுத்துடணும்.

இன்னொண்ணு, நம்ம 'பண்ணு'. "அதைப் பத்தி டிஸ்கஸ் பண்ணினோம்." இங்க டிஸ்கஸ் தமிழுக்குள்ள வந்து பெயர்ச்சொல் மாதிரி உட்கார்ந்துடுது, வினை வேலையைப் பண்ணு பார்த்துக்குது. 'பத்தி' தமிழுக்குத் தேவை. திரும்ப முழு இங்கிலீஷுக்குப் போகும்போது பண்ணுவைக் கழட்டி வெச்சுட்டு, பத்தியை மட்டும் அபவுட்டா மாத்தி எடுத்துக்கிட்டுப் போயிடறோம். 'எக்ஸ்ப்ளெயின் மீ'யும் இதே கதைதான். "எனக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணு." நமக்கு 'எனக்கு'ங்கறது ஒரே சொல், கு உள்ளயே இருக்கு. இங்கிலீஷ்ல அந்த கு தனியா நிக்கணும்: 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ'.

கல்யாணத்துல மட்டும் தமிழ் நம்மளைக் காப்பாத்தும். "அவ குமாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா." ஐதான். 'ஷி மேரிட் குமார்.' வித் வேண்டவே வேண்டாம். இப்ப என்ன நிலைன்னு சொன்னா 'ஷி இஸ் மேரிட் டு குமார்.' அங்க டு.

லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணிப் பார்த்தேன் நான். அகர வரிசையில எழுதி சமையலறைச் சுவர்ல ஒட்டினேன். உதவல. அக்யூஸ் ஆஃப், அக்ரீ வித், அப்ளை ஃபார்னு படிக்கும்போது ஒண்ணுக்கொண்ணு உறவே இல்ல, எப்படி மண்டையில ஏறும்? அப்புறம் வால் வாரியாக் கூட்டம் சேர்த்தேன். ஃப்ரம் கூட்டத்துல தடுக்கறது, காப்பாத்தறது, பிரிக்கறது எல்லாம் வந்து உட்கார்ந்துது: 'ப்ரிவென்ட் ஃப்ரம்', 'ப்ரொடெக்ட் ஃப்ரம்', 'செப்பரேட் ஃப்ரம்'. ஒண்ணுலேருந்து விலக்கி வைக்கற வேலை. ஃபார் கூட்டத்துல கிடைக்கணும்னு ஏங்கறவங்க: 'வெயிட் ஃபார்', 'ஹோப் ஃபார்', 'ஆஸ்க் ஃபார்', 'அப்ளை ஃபார்', 'சர்ச் ஃபார்', 'ப்ரே ஃபார்'. எல்லாருமே கையை நீட்டிக்கிட்டு நிக்கறாங்க. இப்படிப் பிரிச்சதும் தானா ஒட்டிக்கிச்சு.

ரிசல்ட்டை மட்டும் தனியாக் கவனிங்க. 'ரிசல்ட் இன்', 'ரிசல்ட் ஃப்ரம்'. மழையால வெள்ளம் வந்துதுன்னா 'த ரெயின் ரிசல்டட் இன் எ ஃப்ளட்', இல்லாட்டி 'த ஃப்ளட் ரிசல்டட் ஃப்ரம் த ரெயின்'. வால் மாறினா வெள்ளத்தால மழை வந்த கதையா ஆயிடும். ரிப்போர்ட் எழுதறவங்க இதுல ஒரு கண்ணு வெச்சுக்கணும்.

இன்னொரு பெரிய கூட்டம் இருக்கு. பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனா வேற ரகம்.

'ஹி ரேன் அப் எ ஹில்.'
'ஹி ரேன் அப் எ பில்.'

மலை மேல ஓடினான். கடையில கடன் ஏத்தி வெச்சான். எழுத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா முதலாவதுல 'அப் எ ஹில்' ஒரு துண்டு, எங்க ஓடினான்னு சொல்ற துண்டு. ரெண்டாவதுல 'ரேன் அப்' ஒரு துண்டு. அதுவே முழு வினை. சோதிக்கறது சுலபம்: இட் போட்டுப் பாருங்க. பில்லுக்கு 'ரேன் இட் அப்'னு நடுவுல வரும். மலைக்கு அப்படி வராது, 'ரேன் அப் இட்'தான். 'லுக் இட் அப்' வரும், அகராதியில தேடறது. 'லுக் இட் அட்' வரவே வராது.

இந்த ரெண்டாவது ரகத்துக்கு ஃப்ரேசல் வெர்ப்னு பேரு. லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல எழுதின புத்தகத்துல இந்தப் பேரைச் சொல்லி, இதை எனக்குச் சொன்னவர் ஆக்ஸ்போர்ட் அகராதியைத் தொகுத்த ஹென்றி பிராட்லின்னு பெருமையைப் பெரியவருக்கே குடுத்துட்டார். அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1755-ல அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டுக்காரங்களை ரொம்பத் திணற வைக்கறது இந்த மாதிரிச் சேர்க்கைதான்னு முன்னுரையிலயே எழுதி, அதுகளைத் தனி அக்கறையோட சேகரிச்சார். ஆக நமக்குக் கஷ்டமா இருக்குன்னா வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ஜான்சனே சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டார்.

நம்ம ஊர் 'பாஸ் அவுட்' பத்தி ஒரு வார்த்தை. 'ஐ பாஸ்ட் அவுட் ஃப்ரம் காலேஜ்'னு இங்க எல்லாரும் சொல்றோம், எல்லாருக்கும் புரியுது. ராணுவத்துல பயிற்சி முடிச்சு வெளிய வர்றதுக்கு 'பாஸிங் அவுட் பரேட்'னு பேரு. பரங்கிமலைல இருக்கற அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலயும் அது நடக்குது. அதனால நம்ம வழக்கம் வானத்துலேருந்து குதிச்சதில்ல. ஆனா அமெரிக்காக்காரர் இன்டர்வியூல இப்படிச் சொன்னா, காலேஜ்ல மயங்கி விழுந்தீங்கன்னு எடுத்துக்குவார். அங்க 'க்ராஜுவேட்டட் ஃப்ரம்'னு சொல்லிடுங்க. ஊருக்கு ஊர் வால் மாறும். அமெரிக்காவுல 'ரைட் மீ'ன்னா லண்டன்ல 'ரைட் டு மீ'. அவங்களுக்கு 'ஆன் த வீக்கெண்ட்', இவங்களுக்கு 'அட் த வீக்கெண்ட்'. இதுக்கெல்லாம் சண்டை போட வேண்டியதில்ல.

சண்டை போட வேண்டியது ஒண்ணு இருக்கு. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ.' நம்ம ஆபீஸ் மெயில்கள்ல கடைசி வரி பெரும்பாலும் இதுதான். 'டு மீட்டிங் யூ'ன்னு வரணும். ஏன்னா, இந்த டு 'டு கோ', 'டு ஈட்'ல வர்ற டு கிடையாது. இது லுக் ஃபார்வர்டோட வால். அதுக்குப் பின்னாடி ஒரு பெயர்ச்சொல் வைக்க முடியுதான்னு பாருங்க: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்'. வைக்க முடியுது. அப்ப வினை வந்தாலும் பெயர் மாதிரி வேஷம் போட்டு இங் மாட்டிக்கிட்டுத்தான் வரணும். 'அப்ஜெக்ட் டு பேயிங்' இப்படித்தான்.

அகராதி வாங்கறவங்களுக்கு ஒரு சேதி. ஏ. எஸ். ஹார்ன்பின்னு ஒரு இங்கிலீஷ் வாத்தியார் ஜப்பான்ல பாடம் எடுத்துக்கிட்டு இருந்தார். அந்தப் பிள்ளைங்களுக்கு அர்த்தம் தெரிஞ்சும் வாக்கியம் அமைக்க வரலைன்னு பார்த்துட்டு, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்புல வரும்னு காட்டற அகராதியை ரெண்டு பேரோட சேர்ந்து உருவாக்கினார். 1942-ல டோக்கியோவுல வெளிவந்துது. 1948-ல ஆக்ஸ்போர்ட் அதையே திரும்ப அச்சடிச்சுது. இன்னைக்கு ஆக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரின்னு நாம வாங்கறது அதோட வாரிசு. அதுல டிபெண்ட் எடுத்துப் பாருங்க, ஆன் பக்கத்துலயே தடிச்ச எழுத்துல இருக்கும். இங்கிலீஷ்-தமிழ் பாக்கெட் அகராதியில 'சார்ந்திரு'ன்னு ஒரு சொல்லோட முடிஞ்சுடும். பிள்ளைங்களுக்கு வாங்கித் தர்றதா இருந்தா லேர்னர்ஸ் வகை அகராதியா வாங்குங்க. பழைய புத்தகக் கடையில கிடைச்சாலும் போதும், டிபெண்ட் இன்னும் ஆன் கூடத்தான் இருக்கு.

இதைப் படிக்கிற டீச்சர்கள் இருந்தா ஒரே ஒரு வேண்டுகோள். போர்டுல புது வினைச்சொல் எழுதும்போது அதைத் தனியா எழுதாதீங்க. லிசன்னு எழுதற சாக்பீஸ் டு எழுதற வரைக்கும் போர்டை விட்டு எடுக்காதீங்க. அர்த்தத்தையும் தமிழ் உருபோட சேர்த்தே எழுதுங்க: 'வெயிட் ஃபார்', ஒருத்தருக்காகக் காத்திரு. கோடிட்ட இடத்தை நிரப்பற பயிற்சியை அதுக்கு அடுத்த வாரம் குடுத்தாப் போதும்.